மறைந்துபோனவர்கள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாலைநில இடிபாடுகளும் இலக்கியமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் மேசா வெர்டேயில் பாறைப் பொந்துக்குள் ஊர் கட்டி வாழ்ந்தவர்களை 'மர்மமாக மறைந்துபோன இனம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இதில் என்ன மர்மம்? 1276இல் தொடங்கிய வறட்சி இருபது ஆண்டுக்கு மேல் நீண்டதை மர வளையங்களே சொல்கின்றன. மக்காச்சோளம் விளையவில்லை, பூசலும் பெருகியது, தெற்கே போனார்கள். இன்றும் அங்கே தெற்கில் வாழும் ஹோபி, சூனி, அகோமா, லகுனா பழங்குடி மக்கள் அவர்கள் வழிவந்தவர்கள்தான். உங்களுக்குத் தெரியாததா?

நியூ மெக்சிகோவில் மகள் வீட்டில் இருந்தபோது அகோமாவுக்குப் போனேன். குன்றின் உச்சியில் ஊர். அங்கே ஒரு அம்மா யுக்கா என்ற பாலைச் செடியின் இலை நாரால் பானையில் மயிரிழைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மேசா வெர்டே பார்த்துவிட்டு வந்ததை மகள் சொன்னதும், "அது எங்க பாட்டன் பூட்டன் ஊர்" என்றார், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவரிடம் உங்கள் கட்டுரையைக் காட்ட முடியுமா?

அமெரிக்க நாவலாசிரியை வில்லா கேத்தர் 1915இல் மேசா வெர்டேக்குப் போய்வந்து 1925இல் 'தி புரொஃபசர்ஸ் ஹவுஸ்' எழுதியதைப் பாராட்டியிருந்தீர்கள். சரி, எனக்கும் பிடித்த நாவல்தான். பாறை ஊரில் கண்டெடுத்த பானைகளை நண்பன் ஒரு ஜெர்மானியனுக்கு விற்றுவிட்டான் என்று அதில் வரும் இளைஞன் டாம் துடிக்கும் இடத்தில் நானும் கலங்கினேன். நிஜத்தில், நூர்டன்ஷோல்ட் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1891இல் மேசா வெர்டேயில் தோண்டி எடுத்துப்போன மனித எலும்புகள் 2020இல்தான் ஃபின்லாந்திலிருந்து திரும்பின. அவற்றை வாங்கி மறுபடி அடக்கம் செய்தவர்கள் ஹோபி, அகோமா உள்ளிட்ட மக்கள்தான். மறைந்துபோனவர்களா வந்து வாங்கினார்கள்?

லகுனாவில் வளர்ந்து 1977இல் 'செரிமனி' நாவலைத் தந்த லெஸ்லி மார்மன் சில்கோ கட்டுரையில் இல்லை. அகோமாவின் கவிஞர் சைமன் ஓர்டிஸ் இல்லை. வெளியிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். முன்பு பழங்குடி இலக்கியச் சிறப்பிதழிலும் இதே கதைதான். அதைப்பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாராட்டு வரியை மட்டும் போட்டுவிட்டு மீதியை வெட்டினீர்கள். மொழிபெயர்த்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போடாதீர்கள் என்று கேட்டதும் அதோடு போயிற்று. நெடுநாள் சந்தாதாரர் என்ற உரிமையில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 'மறைந்துபோன' என்பது 'தெற்கே குடிபெயர்ந்த' என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், கட்டுரை வந்த பகுதியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி.