17-ஆம் வசனத்துக்கு முன்னால் இரண்டு வசனங்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைச் சச்சரவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ஒத்துவராதவரை வரிதண்டுபவர்போல் ஒதுக்கிவிட ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்று ஒரு வரி. மத்தேயு 18:17-ஆம். எழுதியவர் வேதத்தை நடுவில் திறந்திருப்பார் போலும். 15-ஐயும் 16-ஐயும் காணோம்.

15 சொல்வது, குற்றம் கண்டவரே போய் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது. நம் கரையில் முதலில் மீன் ஏலம் போடும் இடம், அப்புறம் டீக்கடை, வாட்ஸ்அப் குழு, ஆயருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. சம்பந்தப்பட்டவர் காதுக்குக் கடைசியில்தான் வரும். ஊரே அறிந்தபின் தவறை ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? 16 கேட்கும் ஒன்றிரண்டு பேர், இணைச்சட்டம் 19:15-இன் சாட்சிகள். இருதரப்பையும் கேட்க வேண்டியவர்கள். மச்சானையும் சம்பந்தியையும் கூட்டிப் போவதற்குப் பெயர் வேறு. அதற்கும் பிறகுதான் சபை.

வரிதண்டுபவரை ஆண்டவர் எப்படி நடத்தினார் என்பது தங்களுக்குத் தெரியாததா? கூட உட்கார்ந்து சாப்பிட்டார் (மத்தேயு 9:10). நாமோ ஒதுக்கியவரிடம் தலைக்கட்டு வரியை (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற ஊர் வரி) மட்டும் விடாமல் வாங்குகிறோம். கல்லறையில் இடம் கேட்டால்தான் வசனம் ஞாபகத்துக்கு வருகிறது.

தவக்கால வெள்ளியில் கறியை ஒதுக்கிவிட்டுச் சீலா மீன் குழம்பு வைக்கிறோம். கடற்கரையில் இது ஒறுத்தலா என்று பெந்தகோஸ்தேக்காரர் சிரிக்கிறார். (கேள்வி நியாயம்தான்.) நகையைக் கழற்றிவைத்த அவரை 'அல்லேலூயா' என்று நாம் கேலி செய்கிறோம். உண்பவர் உண்ணாதவரை இகழக் கூடாது, உண்ணாதவர் உண்பவருக்குத் தீர்ப்பிடக் கூடாது என்று உரோமையர் 14:3 இருவரையும் தனித்தனியாகத் தடுக்கிறது.

எல்லாவற்றையும் 'தீர்ப்பிடாதே' என்பதில் அடக்கவும் முடியாது. தேர்க் கணக்கில் பணம் இடித்தால் ரசீது கேட்பது தீர்ப்பிடுவது ஆகாது. பிற இனத்தாரோடு உண்பதைப் பேதுரு விட்டு விலகியபோது பவுல் எல்லார் முன்னிலும் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). விலகல் எல்லார் முன்னிலும் நடந்தது. அதே பவுல் மாற்கின் பொருட்டு, கூடப் பணிசெய்த பர்னபாவோடு கடுமையாக முட்டிக்கொண்டு பிரிந்தார். பின்னாளில், மாற்கைக் கூட்டி வா, என் பணிக்குப் பயன்படுவார் என்று எழுதுகிறார் (2 திமொத்தேயு 4:11). இந்தப் பாதியை மேடையில் யாரும் வாசிப்பதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், வாய்தான் ஓடும். ஒருவர் வீட்டுக்குத் தனியாகப் போக அதைவிட நல்ல சமயம் ஏது?

கட்டுரையாளரைத் தாங்கள் கண்டிக்க வேண்டாம். அடுத்த இதழில் 15, 16-ஆம் வசனங்களை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிட்டால் போதும். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெட்டிவிட்டு அவற்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்; மொட்டைக் கடுதாசி அல்ல.)