கையெழுத்துக்குப் பிறகு என்ன? ஆய்வு நெறிமுறைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மனிதரிடமிருந்து இரத்தமோ திசுவோ உமிழ்நீரோ பெற்றுச் செய்யப்படும் எந்த ஆய்வும் உங்கள் அனுமதியின்றித் தொடங்குவதில்லை. அந்த அனுமதிக்காகப் பல ஆண்டுகள் விண்ணப்பங்கள் எழுதியவன் நான். நீங்கள் திருத்தித் தந்த ஒப்புதல் படிவங்களை மக்கள் முன் நீட்டியவனும் நான். உங்கள் பணியின் மீது எனக்குள்ள மதிப்பே இந்த மடலை எழுத வைக்கிறது. படிவத்தில் கையெழுத்து விழும் நாள்வரை நீங்கள் காட்டும் அக்கறை, மறுநாளிலிருந்து அந்த மனிதருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதை உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

பரம்பரை நோய் ஒன்றைப் பற்றிய ஆய்வுக்காக மாதிரிகள் சேகரித்துவந்த காலத்தில் ஒரு பெண்மணி எங்களிடம் வந்தார். அவருடைய சகோதரர்கள் இருவர் அந்த நோயால் இறந்திருந்தனர். பலரும் கடைசிப் பக்கத்துக்கு நேராகச் சென்றுவிடும் அந்தப் படிவத்தை அவர் ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்திடும் இடத்தில் பேனாவை வைத்தபடியே நிமிர்ந்து, "இதிலிருந்து ஏதாவது தெரியவந்தால் எனக்குச் சொல்வீர்களா?" என்று கேட்டார். "கட்டாயம் சொல்வோம்" என்றேன். அவர் கையெழுத்திட்டார். ஊதா மூடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து, அது உறைந்துவிடாமல் இருக்க எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, பெயர் இல்லாமல் எண் மட்டும் அச்சிட்ட சீட்டை அதன்மேல் ஒட்டினேன். மாலைக்குள் அந்தக் குழாய் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குள் போய்விட்டது.

அந்த இரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ. பிறகு மூன்று ஆய்வுகளில் பயன்பட்டது. அவற்றில் ஒன்றுதான் அவர் படித்துப் பார்த்த படிவத்தில் இருந்த நோயைப் பற்றியது. கட்டுரைகள் வெளியாயின, அவருக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. இதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதுதான் இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது. "எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்" என்ற வரி படிவத்தில் இருந்தது. தெரியவந்ததைக் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்ற வரி இல்லை. அதற்கு என் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

உங்கள் குழுக்கள் எப்படிப்பட்ட கொடுமைகளுக்குப் பின் உருவாயின என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையின் முடிவில், 1947இல் வெளிவந்த நியூரம்பெர்க் நெறிகள் பத்தில் முதலாவது, பங்கேற்பவரின் தன்னிச்சையான ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்கிறது. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஒன்பதாவதை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. தொடர இயலாது என்ற நிலையை எட்டிவிட்டதாகக் கருதும் பங்கேற்பாளர், சோதனையை எந்தக் கட்டத்திலும் முடித்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்பது அது. நெறிகளை வகுத்தவர்கள் ஒப்புதலை ஒரு நாள் நிகழ்ச்சியாகக் கருதவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனால் உடல் சோதனைக் கூடத்தில் இல்லாமல், உடலின் ஒரு துளி மட்டும் உறைபெட்டியில் இருபது ஆண்டுகள் இருக்கும்போது அந்த உரிமைக்கு என்ன பொருள்? "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று எல்லாப் படிவங்களிலும் அச்சிடுகிறோம். தன் மாதிரி எதற்குப் பயன்படுகிறது என்றே தெரியாதவர் எதிலிருந்து விலகுவார்?

ஹென்ரியட்டா லாக்ஸின் கதை நீங்கள் அறிந்ததே. ஆயினும் அதில் வழக்கமாகப் பேசப்படும் பகுதியை விட, அதற்குப் பின் நடந்தவையே என் கேள்விக்கு நெருக்கமானவை. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அந்தக் கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து அவர் அறியாமலே திசு எடுக்கப்பட்டது. ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தில் அந்தச் செல்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு முறை இரட்டித்துப் பெருகின; மனித உடலுக்கு வெளியே ஓயாமல் வளர்ந்த முதல் மனிதச் செல் வரிசை அதுவே. ஹென்ரியட்டா அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்தார். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று அழைக்கப்பட்ட அந்தச் செல்கள் போலியோ தடுப்பூசிச் சோதனைகளுக்கு உதவின. ஜெர்மன் அறிவியலாளர் ஹெரால்டு சூர் ஹாவ்சனின் குழு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசின் 18ஆம் வகையை அந்தச் செல்களிலேயே கண்டது. அந்த ஆராய்ச்சி கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசிக்கு வழி திறந்து, 2008இல் ஹாவ்சனுக்கு நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. அந்தப் பெண்ணைக் கொன்ற அதே நோயிலிருந்து இன்று சிறுமிகள் காக்கப்படுகிறார்கள். இது அறிவியலின் பெருமை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஹென்ரியட்டாவின் குடும்பத்துக்கோ 1973வரை எதுவும் தெரியாது. மற்ற செல் வரிசைகளில் ஹீலா கலந்துவிட்ட சிக்கலைத் தீர்க்க ஆய்வாளர்களுக்கு அவர்களுடைய இரத்தம் தேவைப்பட்டது. அதைக் கேட்டு வந்தபோதுதான் செய்தி அவர்களை எட்டியது. தங்களுக்கும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இரத்தம் எடுக்கிறார்கள் என்று அவருடைய மகள் நம்பி, வராத முடிவுக்காகக் காத்திருந்தார். இவை உங்கள் குழுக்கள் வருமுன் நடந்தவை என்று நீங்கள் சொல்லலாம். 2013 மார்ச்சில் ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஹீலாவின் முழு மரபணுத்தொகுதியை இணையத்தில் வெளியிட்டபோது நெறிமுறைக் குழுக்கள் உலகெங்கும் இருந்தன. அப்போதும் குடும்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே தரவு விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் குடும்பத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்தத் தரவைக் கேட்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினருக்கும் இடம் கிடைத்தது. அந்த ஏற்பாட்டால் ஹீலா ஆராய்ச்சி நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஹவசுபாய் மக்களின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. ஏனெனில் அவர்கள் கையெழுத்திட்டவர்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் அந்தப் பழங்குடியினரிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. அதற்கு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1990 முதல் அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தனர். அதே இரத்தம் மனச்சிதைவு, குலத்துக்குள் நடந்த மணஉறவு, முன்னோரின் இடப்பெயர்வு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர்களுடைய நிலவுரிமையும் அதனோடு பிணைந்தது. 2003இல் அந்தக் குலத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் ஆய்வேட்டு விளக்கக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றபோதுதான், தங்கள் இரத்தம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது தெரியவந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் வழங்கவும், மீந்திருந்த மாதிரிகளைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். அவர்களுடைய இரத்தத்தை உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தங்கள் மண்ணுக்குக் கொண்டுபோனார்கள். பரந்த பொருள் தரும் ஒரு வரியை நம்பி ஆய்வாளர் கையெழுத்து வாங்குவதும், எதிரே இருப்பவர் தன் வீட்டு நோயை நினைத்துக் கையெழுத்திடுவதும் ஒரே ஒப்புதல் ஆகிவிடுமா?

பெயரை நீக்கி எண்ணைக் கொடுத்துவிட்டால் எவருக்கும் தீங்கில்லை என்பது எங்கள் விண்ணப்பங்களில் வழக்கமாக இடம்பெறும் உறுதிமொழி. அதை எழுதும்போது நானும் நம்பியே எழுதினேன். 2013இல் ஓர் ஆய்வுக் குழு, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மரபணுத் தரவில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமின் அடையாளங்களை எடுத்துக்கொண்டு, எவரும் பார்க்கக்கூடிய வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 50 பேர் யார் என்பதைக் கண்டுபிடித்துக் காட்டியது. மரபணுத்தொகுதியே ஒருவகையில் பெயர்தான். அதுவும் உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லும் பெயர். ஒருவர் இட்ட கையெழுத்து குடும்பம் முழுவதையும் கட்டுகிறது என்ற நிலையில், அந்த எண்ணின் பின்னால் இருப்பவரை மறந்துவிடும் உரிமை எங்களுக்கு இல்லை.

மூர் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பு இங்கே பொருந்துகிறது. சிகிச்சைக்காக அகற்றப்பட்ட மண்ணீரலின் செல்களிலிருந்து காப்புரிமை பெற்ற செல் வரிசை உருவாக்கப்பட்டதை எதிர்த்து மூர் என்ற அந்த நோயாளி வழக்குத் தொடுத்தார். அவருக்கு அந்தச் செல்கள் மீது சொத்துரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் தன் ஆராய்ச்சி, பொருளாதார நலன்களை நோயாளியிடம் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை எல்லா ஆய்வு நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. சொல்ல வேண்டிய கடமை என்ற இரண்டாம் பாதியைத்தான் நான் உங்கள் கையில் வைக்கிறேன்.

ஒவ்வொரு புதிய ஆய்வுக்கும் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அரிய நோய்களின் ஆராய்ச்சி நொடிந்துவிடும். அதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அந்த நோயாளிகளே. எல்லோரும் எல்லாவற்றையும் அறிய விரும்புவார்கள் என்றும் நான் எண்ணவில்லை. மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயின் மரபணு 1993இல் கண்டறியப்பட்ட பிறகு, பரிசோதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஆபத்துள்ள குடும்பங்களில் பெரும்பாலோர் அதைச் செய்துகொள்ளாமல் இருக்கவே முடிவெடுத்தனர். அறியாமல் இருப்பதும் ஒருவரின் உரிமை. அந்த மரபணுவைத் தேடிய நான்சி வெக்ஸ்லர் தாமும் அந்நோயின் குடும்பத்தில் பிறந்தவர். வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரை மக்களிடம் திசு கேட்டுச் சென்றபோது, அவரும் அதே ஆய்வுக்குத் திசு கொடுத்ததன் தழும்பு அவர் கையில் இருப்பது அம்மக்களுக்குக் காட்டப்பட்டது என்கிறார்கள். எந்தப் படிவத்தாலும் கொடுக்க முடியாத நம்பிக்கையை அந்தத் தழும்பு கொடுத்திருக்கும்.

என் வேண்டுகோள் எளியது. ஆய்வுத் திட்டத்தை மதிப்பிடும்போது, மாதிரி எப்படி எடுக்கப்படும் என்று கேட்பதைப் போலவே, தெரியவந்தது எப்படித் திரும்பச் சொல்லப்படும் என்றும் கேளுங்கள். அதற்கான ஆளும் பணமும் திட்டத்தில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். அறிய விரும்புகிறாரா, எதை அறிய விரும்புகிறார் என்பதைப் படிவத்திலேயே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். சேமித்த மாதிரி வேறொரு நோக்கத்துக்குப் போகும்போது அந்த முடிவை எடுக்கும் மேசையில், கொடுத்தவர்களின் சார்பில் உண்மையாகவே பேசக்கூடியவர் இருக்க வேண்டும். பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒருவரை அமர்த்திவிட்டு, நூறு பக்க ஆங்கிலத் திட்டத்தை அவர் முன் வைத்தால் அது பிரதிநிதித்துவம் ஆகாது. தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் 2017இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்காகத் தாங்களே ஒரு நெறிமுறையை வகுத்தார்கள். மொழி தெளிவாக இருக்க வேண்டும், கல்வித்துறை மொழியாக இருக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆய்வு செய்யப்படுபவர்களே அதைச் சொல்ல வேண்டி வந்தது.

இறுதியாக, என் சொந்த விண்ணப்பம். பழைய ஆய்வில் பங்கேற்றவர்களுக்காக ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்த இரத்தம் இந்த மூன்று ஆய்வுகளில் பயன்பட்டது, அவற்றில் இவை தெரியவந்தன, இது உறுதியாகவில்லை, உங்கள் மாதிரி இன்னும் எங்களிடம் இருக்கிறது, இனி வேண்டாம் என்றால் இந்த முகவரிக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். அதை அனுப்ப, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அதற்கு உங்களைப் போன்ற ஒரு குழுவின் அனுமதி வேண்டும். மூல ஆய்வுத் திட்டத்தில் பங்கேற்பாளரை மீண்டும் தொடர்புகொள்ள இடமில்லை என்ற குறிப்போடு விண்ணப்பம் ஒரு முறை திரும்பிவிட்டது. திருத்தி மீண்டும் அனுப்பியுள்ளேன். அந்தப் பெண்மணி கேள்வி கேட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மிக்க மதிப்புடன்,
ஓர் ஆய்வாளர்