உங்கள் அணியின் வரலாறு 1982-ல் தொடங்கவில்லை

பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றையும் சாதனைப் பட்டியலையும் தொகுக்கும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத் துறையினருக்கு,

வணக்கம்.

பொன்விழா, நூற்றாண்டு என்று ஏதாவது வந்தால்தான் பல கல்லூரிகளில் பழைய பெட்டிகள் திறக்கப்படுகின்றன. திறந்த கையோடு செய்யும் முதல் தவறு, கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏ (NCAA) தன் முதல் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பையை நடத்திய 1982-ஐ அணியின் பிறந்த ஆண்டாக எழுதிவிடுவது. கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் கையெழுத்தான 1972 ஜூன் 23 வரைக்கும் போவார்கள். அதுவும் போதாது. என்சிஏஏ வருமுன் கல்லூரிப் பெண்களின் போட்டிகளை நடத்திய ஏஐஏடபிள்யூ (AIAW) அமைப்பின் முதல் தேசியக் கோப்பையில் இம்மாகுலாட்டா கல்லூரி வெஸ்ட் செஸ்டரை 52-48 என்று வென்றது அந்தச் சட்டம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே. சட்டம் வந்து பெண்களை ஆட வைக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு உரிமை தந்தது.

ஸ்மித் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் தன் மாணவிகளை இரு வகுப்புகளாகப் பிரித்து மோதவிட்டது 1893 மார்ச்சில். 1896 ஏப்ரல் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆடின. அணிக்கு ஒன்பது பேர், முடிவு 2-1, ஸ்டான்ஃபோர்டுக்கு வெற்றி. உங்கள் கல்லூரி அந்தக் காலத்திலேயே இருந்திருந்தால், அங்கேயும் யாராவது ஆடியிருக்க வாய்ப்புண்டு. தேடாமல் "அணி இல்லை" என்று எழுதாதீர்கள்.

எங்கே தேடுவது? விளையாட்டுத் துறையின் அலமாரியில் அல்ல. 1970-கள் வரை பெண்கள் அணிகள் பெரும்பாலும் பெண்கள் உடற்கல்வித் துறையின் கீழ் இயங்கின. அந்தத் துறைத் தலைவியின் ஆண்டறிக்கை, பயணச் செலவுக் கணக்கு, பந்து வாங்கிய பில் எல்லாம் வேறு பெட்டியில், வேறு தலைப்பில் கிடக்கும். பிறகு மாணவர் பத்திரிகை, அதன் பிறகு ஆண்டு மலர். இந்த மலரை அப்படியே நம்ப வேண்டாம். சீசன் முடியும் முன்பே அச்சுக்குப் போய்விடும் மலரில் கடைசி ஆட்டங்கள் இருக்காது. சில மலர்களில் இருப்பது முந்தைய சீசனின் அணி. யார் யார் ஆடினார்கள் என்பதை மலரிலிருந்தும், முடிவுகளைப் பத்திரிகையிலிருந்தும் எடுங்கள். எதிரணிக் கல்லூரியின் பத்திரிகையிலும் அதே ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டிலும் எண்கள் வேறுபட்டால், ஆட்டத்தின்போதே புள்ளிகளைக் குறித்துவைத்த ஸ்கோர்புக் சொல்வதே முடிவு. ஸ்கோர்புக் கிடைக்கவில்லையா, இரண்டு எண்களையும் போட்டு அடிக்குறிப்பு எழுதுங்கள்.

எந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே தீர்மானித்து, எழுத்தில் வையுங்கள். மற்ற கல்லூரிகளோடு ஆடியது மட்டும் வெற்றி-தோல்விக் கணக்குக்குப் போகட்டும். உயர்நிலைப் பள்ளி, மன்ற அணி, முன்னாள் மாணவிகள் அணி ஆகியவற்றோடு ஆடியவற்றைத் தனிப் பட்டியலாக அச்சிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம். பாதியில் விதியை மாற்றினால், ஒரு பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கு ஊதிப்போகும், இன்னொருவருடையது சுருங்கிப்போகும்.

1920-களிலிருந்து நீண்ட இடைவெளி ஒன்று வரும். ஆர்வம் வற்றிப்போனதால் வந்ததல்ல அது. பெண்களுக்குக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி ஆகாது என்று உடற்கல்வித் தலைவிகளே முடிவெடுத்த காலம். தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் பெண்கள் பிரிவு 1923-ல் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் தொடங்கி அந்தக் கொள்கையைப் பரப்பியது. போட்டிக்குப் பதிலாக 'பிளே டே': பல கல்லூரி மாணவிகளைக் கலந்து அணி பிரித்து ஆடவிடுவார்கள், அதனால் கல்லூரிப் பெயரில் வெற்றியோ தோல்வியோ இருக்காது. "போட்டி நிறுத்தப்பட்டது, பிளே டே நடந்தது" என்று காரணத்தோடு ஒரு பத்தி எழுதுங்கள். அந்தக் கொள்கைக்கு எல்லோரும் தலையாட்டவும் இல்லை. வட கரோலினாவின் பென்னட் கல்லூரி, கறுப்பின மாணவிகளின் கல்லூரி, 1934-ல் புகழ்பெற்ற கறுப்பின வீராங்கனை ஓரா வாஷிங்டன் ஆடிய, ஃபிலடெல்ஃபியா டிரிப்யூன் பத்திரிகையின் அணியோடு மோதியது. டெக்சாஸின் வேலண்ட் பாப்டிஸ்ட் கல்லூரி 1953 முதல் 1958 வரை தொடர்ந்து 131 ஆட்டங்களை வென்றது. கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு 2017-ல் முடிந்த தொடர் வெற்றி 111. ஆனால் வேலண்ட் ஆடியது ஏஏயூ (AAU) என்னும் அமெச்சூர் விளையாட்டு அமைப்பின் களத்தில் என்பதால், அந்த எண் என்சிஏஏ பட்டியலுக்கு வெளியே நின்றது.

அடுத்து விதிகள். பெரும்பாலான தொகுப்புகள் இடறுவது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். பெண்களுக்கென பெரன்சன் வகுத்த விதியில் ஆடுகளம் மூன்று பகுதி. தன் பகுதியை விட்டு நகரக் கூடாது, எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. 1938-ல் அது இரண்டு பகுதியானது: அணிக்கு ஆறு பேர், தாக்கி ஆடும் ஃபார்வர்டு மூன்று, தடுத்து ஆடும் கார்டு மூன்று. நடுக்கோட்டைத் தாண்ட முடியாத கார்டுகளுக்குக் கூடையில் பந்து போடும் வாய்ப்பே கிடையாது. அக்கால ஸ்கோர்புக்கில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே மூன்று வரிசைகளில் கோலும் ஃப்ரீ த்ரோவும் நிறைந்திருக்கும். கீழே மூன்று வரிசைகளில் ஃபவுல் குறிகள் மட்டும். நான்கு ஆண்டு ஆடிய கார்டின் புள்ளிக்கணக்கு பூஜ்யம். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் அணியில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அந்தக் காலத்துக்கு "எத்தனை ஆட்டங்களில் முதல் ஆறில் இறங்கினார்" என்ற பட்டியல்தான் நியாயமானது.

ஐந்து பேர் முழுக் களத்திலும் ஆடும் முறை 1971-ல் அதிகாரபூர்வமானது, முப்பது நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வைக்கும் ஷாட் கிளாக்கோடு. கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு ஷாட் கிளாக் வந்து சேர 1985 ஆயிற்று என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம். 1984-85 சீசனில் சிறிய பந்து வந்தது. மூன்று புள்ளிக் கோடு 1987-88-ல் 19 அடி 9 அங்குலத்தில் வந்தது. 2011-ல் ஓரடி பின்னால் போனது, 2021-ல் 22 அடி 1¾ அங்குலம். இருபது நிமிட இரு பாதிகள் 2015-16-ல் பத்து நிமிடக் கால்பகுதிகளாயின. ஆகவே சாதனைப் பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் சீசன், ஆட்டங்களின் எண்ணிக்கை, விதிக் காலம் ஆகிய மூன்று கட்டங்கள் வேண்டும். ரீபவுண்டும் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது) அசிஸ்டும் (கூடையில் போட உதவும் பாஸ்) குறிக்கப்படாத சீசனில் 0 போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போதும். பூஜ்யம் என்றால் எடுக்கவில்லை என்று பொருள். கோடு என்றால் யாரும் எண்ணவில்லை என்று பொருள்.

ஏஐஏடபிள்யூ காலத்தைப் பின்னிணைப்பில் தள்ளுவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது. கான்சஸின் லினெட் வுடார்டு 1977-81-ல் எடுத்தது 3,649 புள்ளிகள், பெரிய பந்தில், மூன்று புள்ளிக் கோடு இல்லாமல். 2024 பிப்ரவரி 15 அன்று அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் என்சிஏஏ சாதனையான 3,527 புள்ளிகளைத் தாண்டியபோது சாதனை முறிந்ததாக நாடே கொண்டாடியது. ஏஐஏடபிள்யூ காலத்தது என்பதால் என்சிஏஏ பட்டியலில் சேராதிருந்த வுடார்டின் எண்ணை அவர் தாண்டியது அதற்குப் பிறகு, பிப்ரவரி 28-ல். ஆனால் டென்னசி அணியின் பயிற்சியாளர் பேட் சம்மிட் 1974-லிருந்து பெற்ற வெற்றிகளெல்லாம் அவருடைய மொத்தக் கணக்கான 1,098-ல் அடங்கும். பயிற்சியாளர் வென்ற ஆட்டம் செல்லும், அதே ஆட்டத்தில் மாணவி போட்ட புள்ளி செல்லாது என்றால் அது என்ன கணக்கு? உங்கள் கல்லூரியின் பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரே பட்டியலாகப் போடுங்கள். 1982-ல் இரண்டு கோப்பைகள் நடந்ததையும் மறைக்க வேண்டாம்: லூசியானா டெக் செய்னியை 76-62 என்று வென்றது என்சிஏஏ கோப்பைக்காக, ரட்கர்ஸ் டெக்சாஸை 83-77 என்று வென்றது ஏஐஏடபிள்யூ கோப்பைக்காக. இரண்டும் தேசியப் பட்டங்களே.

கடைசியாகப் பெயர்கள். பழைய செய்திகளில் "மிஸ்" போட்டுக் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். பின்னாளைய கடிதங்களில் கணவர் பெயர். கவனிக்காவிட்டால் ஒரே பெண் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். கல்லூரியில் சேர்ந்தபோதிருந்த பெயரை முதன்மையாக வைத்து, பிந்தைய பெயரிலிருந்து அதற்குச் சுட்டுங்கள். அச்சுக்குப் போகும் முன் பட்டியலை அந்தப் பெண்களுக்கே அனுப்பித் திருத்தம் கேளுங்கள். அணி உடுப்பும் விருதும் கிடைக்காமல் ஆடியவர்களுக்கு இப்போதாவது வார்சிட்டி எழுத்தை (கல்லூரி அணியில் ஆடியதற்குத் தரும் எழுத்துச் சின்னம்) வழங்குங்கள். பென்சிலில் எழுதிய ஸ்கோர்புக்குகளைக் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மங்கிய குறிகள் விழாது, வண்ணத்தில் எடுங்கள். அணிப் படங்களைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். நின்றவர் யார், உட்கார்ந்தவர் யார் என்று யாரோ ஒருத்தி அங்கேதான் எழுதி வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர்புக்குகளோடு பழகியவர்கள்