கப் கணக்கும் கிராம் கணக்கும்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அந்தக் கேக் ஞாபகமாகவே இருக்கிறது. கல் மாதிரி ஆகிவிட்டது, ஓவன்தான் சரியில்லை என்றாய். ஓவனை ஏன் குறை சொல்கிறாய்? குறிப்பில் 2 கப் மைதா என்று இருந்ததை 500 கிராம் என்று எடுத்துக்கொண்டாயே, அங்கேதான் தப்பு நடந்தது. 250 என்பது கப் பிடிக்கிற அளவு, மில்லியில். தண்ணீருக்குத்தான் 250 மில்லி என்றால் 250 கிராம். மைதா உள்ளே காற்றை வைத்துக்கொண்டு உட்காருகிற பொருள், மில்லிக்கு அரை கிராம்தான் தேறும். நீ ஏறக்குறைய இரண்டு மடங்கு போட்டிருக்கிறாய், பிறகு கேக் எப்படி எழும்பும்?

அமெரிக்கக் குறிப்பு என்றால் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் 250. அங்கே டேபிள்ஸ்பூன்கூட 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. அதனால் குறிப்பு எந்த ஊருடையது என்று முதலில் பார். அந்த 237 மில்லி கப்பிலேயே மைதா 120 முதல் 125 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340 வரும். ஒரே கப், எவ்வளவு வித்தியாசம் பார்.

மைதாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நானும் பல வருடம் கப்பை மாவுக்குள் விட்டு மொண்டுதான் போட்டேன். ஒரு நாள் ஒரே பொட்டலத்திலிருந்து மூன்று தடவை மொண்டு எடை போட்டேன், 138, 151, 144 என்று வந்தது. கை கொஞ்சம் அழுத்தினாலே மாறிவிடுகிறது. கப்பைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, மாவை ஸ்பூனால் தளர்வாக அள்ளிப் போட்டு, தட்டாமல் குலுக்காமல், கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடு. அப்போது வருகிற எண்தான் உன் கப்புக்கான எண். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடு.

உப்பிலும் கவனம் வேண்டும். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் இருக்கும், பெரிய செதில் உப்பு அதில் பாதிகூட வராமல் போகலாம். அப்புறம் அவுன்ஸ். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, வெறும் அவுன்ஸ் எடை, 28 கிராம் சொச்சம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

ஈஸ்ட், பேக்கிங் பவுடர் மாதிரி 2, 3 கிராம் சமாசாரத்தை மட்டும் ஸ்பூனாலேயே தலைதட்டி அள. ஒவ்வொரு கிராமாகக் காட்டுகிற வீட்டுத் தராசு அவ்வளவு சின்ன எடையில் சரியாகச் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்வாய் அல்லவா? உன் கப்பில் மைதா எத்தனை கிராம் வருகிறது என்று பார்த்து எனக்கு மெசேஜ் போடு, மற்றதை நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா