முக்குரு மக்கள் வரைந்த திட்டம்

ஐயா,

ஆப்பிரிக்க நகரங்களின் வளர்ச்சி என்றாலே மேம்பாலங்களும் கண்ணாடிக் கட்டடங்களும்தான் செய்தியாகின்றன. கென்யத் தலைநகர் நைரோபியின் முக்குரு பகுதியைப் பற்றியும் எழுதுங்கள். தொழிற்பேட்டையை ஒட்டி ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் நெருக்கியடித்து வாழும் இடம் அது. அங்கே 20 லிட்டர் கேனில் தண்ணீர் வாங்கும் பெண், வீட்டுக்குள் குழாய் உள்ள வசதியானவர்களைவிட அதிக விலை கொடுக்கிறார். ஏழையாக இருப்பதற்கே அபராதம்! இதைவிட அநீதி உண்டா?

2017-இல் நைரோபி நிர்வாகம் முக்குருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக, அதாவது தனித் திட்டம் வகுத்து மேம்படுத்த வேண்டிய இடமாக, அறிவித்தது. 'முவுங்கானோ' என்ற குடிசைவாசிகள் கூட்டமைப்பினர் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டினர். பத்துப் பத்து வீடுகளாகக் குழு சேர்ந்து, தெரு எவ்வளவு அகலம் வேண்டும், கழிவுநீர் எந்த வழியாகப் போகட்டும் என்று மக்களே பேசி முடிவெடுத்தார்கள். பிறகு சாலைகளும் குழாய்களும் வந்தன. கோலார் தங்கவயலில் பிறந்து, மும்பைக் குடிசைவாசிகளைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம் தலைவராக இருந்த சர்வதேசக் குடிசைவாசிகள் அமைப்பில் முவுங்கானோவும் ஓர் அங்கம் என்பது நமக்குப் பெருமை.

ஆனால், 2021 இறுதியில் சாலை ஒன்றுக்காக, முக்குருவின் ஒரு பகுதியான குவா என்ஜெங்காவில் ஆயிரக்கணக்கானோரின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. மனம் பதறுகிறது. மக்கள் கூடி வரைந்த திட்டத்துக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு வேண்டும். மாற்றிடம் தராமல் ஒரு வீட்டைக்கூட இடிக்கக் கூடாது. நகரச் சாலைகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு வங்கிகள் இதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி