பாரூர் ஏரிக்கரையில் ஓர் ஈரநில மையம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏரிகளை அழகுபடுத்தும் செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. நடைபாதை, நீரூற்று, படகுத்துறை, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. எந்த ஊர் ஏரியானாலும் திட்டம் இதுதான். நான் பாரூர் பெரிய ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கும் விவசாயி. எங்கள் ஏரிக்கும் இப்படி ஒன்று வந்து சேருவதற்குள் என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து பறவைகளைப் பார்க்கவும், ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் பாரூர் ஏரிக்கரையில் ஓர் ஈரநில மையம் அமைக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் எங்கள் ஏரிக்கு வருகிறது. கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் சுமார் 2,400 ஏக்கர் பாய்கிறது. மதகுப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஏரி என்றால் ஒரே பரப்பாகக் கிடக்கும் தண்ணீர்தான். எதிர் ஓரத்துக்குப் போனால்தான் விஷயம் புரியும். ஆழமான இடத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கும். முழங்கால் தண்ணீரில் நாரைகள் நிற்கும். கணுக்கால் நனையும் இடத்தில் மடையான் ஆடாமல் அசையாமல் காத்திருக்கும். அதற்கும் வெளியே, வெறும் ஈரச் சேற்றில் உள்ளான்கள் அலகைக் குத்திக் குத்திப் புழு தேடும். வாலாட்டிக் குருவி ஓடித் திரியும். கோடை நெருங்கி ஏரி வற்ற வற்ற இந்த வரிசையும் அப்படியே உள்ளே நகரும். ஒவ்வொன்றுக்கும் காலின் நீளத்துக்கும் அலகின் நீளத்துக்கும் ஏற்ற தண்ணீர் வேண்டும்.

அதனால்தான் மேம்பாடு என்ற பேச்சு வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பொக்லைன் வைத்துச் சுற்றிலும் ஒரே ஆழமாகத் தோண்டி, ஓரமெல்லாம் கல் பதித்துவிட்டால் நீர்க்காகம் தங்கும், மற்றதெல்லாம் போய்விடும். தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டல் மண் எங்கள் வயலுக்கு வேண்டும், ஏரி கொள்ளளவும் குறையக் கூடாது. ஆனால் சரிவான ஓரத்தையும் கோரைப் புல்லையும் விட்டுவைத்து எடுக்கலாமே. மோட்டார் படகு மட்டும் வேண்டவே வேண்டாம். முக்குளிப்பான் தண்ணீரில் மிதக்கிற மாதிரிதான் கூடு கட்டுகிறது. ஒரு படகு எழுப்பும் அலை போதும், முட்டை போய்விடும்.

நடவுக்குச் சேடை ஓட்டும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வருவதை எல்லா விவசாயியும் பார்த்திருப்பார். தண்ணீர் கட்டிய வயலுக்கு நத்தைகுத்தி நாரையும் வரும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். இளம் பறவைக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையைப் பிடித்ததும் கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்து, சதை ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, முழுசாக உருவி எடுத்துவிடும். வரப்பில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி வந்த என் பேத்தி, "தாத்தா, ஒண்ணுகூட உடையலையே, உள்ளே இருந்ததை எப்படி எடுத்துச்சு?" என்று கேட்டாள். நாற்றைத் தின்னும் நத்தையைக் காசு வாங்காமல் பொறுக்கித் தரும் பறவை இது. இந்தக் கேள்வி ஏழு வயதுப் பிள்ளைக்கு வயலில் தானாகவே வருகிறது. பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். நான் கேட்கும் மையத்தில் கட்டடத்தைவிட முக்கியம் அந்த ஆள்தான்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பீட்டர் ஸ்காட் என்பவர் 1946-ல் ஒரு ஈரநில அமைப்பைத் தொடங்கினார். குளிர்காலத்தில் ரஷ்யாவின் வடகோடியிலிருந்து அங்கே வரும் அன்னங்களின் அலகில் மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்து, 1964 முதல் படம் வரைந்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டார்கள். அதே அமைப்பு லண்டனில் பயன்பாட்டில் இல்லாத பழைய நீர்த்தேக்கங்களை ஈரநிலமாக மாற்றி 2000-ல் மக்களுக்குத் திறந்துவிட்டது. மறைந்திருந்து பார்க்கக் குடில்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு, விளக்கிச் சொல்ல ஆட்கள் என எல்லாம் அங்கே உண்டு. லண்டன் மாதிரி ஊரிலேயே முடிகிறது. பாரூரில் பறவையும் தண்ணீரும் ஏற்கெனவே இருக்கின்றன.

உலக அளவில் முக்கியமானவை என்று அங்கீகாரம் பெற்ற ஈரநிலங்களான ராம்சர் தலங்கள் தமிழ்நாட்டில் இப்போது 20 இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஒன்றுகூடக் கிடையாது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் பிள்ளைகள் வேடந்தாங்கல் போக வேண்டுமென்றால் நான்கைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். சுற்றுலா என்றால் பன்னேர்கட்டா, ஒகேனக்கல், கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணைப் பூங்கா. அதோடு சரி.

ஊரில் இதைப் பேசினால் வருகிற முதல் பயம், "சரணாலயம்னு சொல்லி மதகைத் திறக்க விடமாட்டாங்க, மீன் பிடிக்க விடமாட்டாங்க" என்பது. நியாயமான பயம். ஆனால் வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகள் கண்டுகொண்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளைக்கார கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். நான் கேட்பதும் ஏரியைப் பூட்டி வைக்க அல்ல. பரிசலில் வலை போடும் மீனவர்கள் தொழில் செய்யட்டும். வழிகாட்டிகளாகவும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே எடுக்கட்டும். எந்தப் பறவை எப்போது எங்கே இறங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

மையத்தின் வாசலில் ஒரு பலகை வைத்து, தண்ணீரின் நிலையை வாராவாரம் சோதித்து எழுத வேண்டும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வருவதைச் செய்தியில் எல்லோரும் பார்க்கிறோம். பெங்களூருக் கழிவைச் சுமந்து வரும் அதே தென்பெண்ணைதான் எங்களுக்கும் வருகிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் பாரூரிலேயே இருக்கிறது; அவர்களோடு சேர்ந்து இதைச் செய்யலாம்.

கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத்தும் கூடிவிடும். அதற்குள் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் எதிர் ஓரத்தில் மூங்கில் தட்டியால் ஒரு மறைவுக் குடிலும், சில பைனாகுலர்களும், தமிழில் பெயர் எழுதிய பறவைப் படங்களும் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி பிள்ளைகளோடு ஏரிக்கும் வரும். குடிலுக்கு மூங்கிலும், கட்டுவதற்கு ஆளும் பாசன விவசாயிகள் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
பாரூர் ஏரிப் பாசன விவசாயி,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.