மலை ரயிலின் நிதானம் முதுமையால் வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்மயமாவதற்கு முன் செங்குத்தான மலைப்பாதைகளில் நீராவி என்ஜின்கள் ஓடிய காலத்தைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மும்பைக்கும் புனேக்கும் இடையிலுள்ள போர் காட் மலைப்பாதையைப் பற்றிய பத்திகள் நன்றாகவே இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வந்து சேர ஐந்து மணி நேரம் ஆவதற்கு அதை இழுத்து வரும் என்ஜின்களின் முதுமையே காரணம் என்றும், மின்சார என்ஜின் வந்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்றும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வாக்கியத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே என்ஜின் ரயிலை இழுப்பதே இல்லை. சரிவின் கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. எந்தப் பெட்டியாவது கழன்றுகொண்டாலும் அது என்ஜினைத் தாண்டி உருண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு டீசல் என்ஜின் நிற்கிறது. டீசல் என்ஜின் ரயிலை இழுப்பது குன்னூருக்கு மேலேதான் என்பதால், அது அங்கே எடுத்த படம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அதன் கீழே நீராவியின் கடைசி மூச்சு என்கிற பொருளில் ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கிறீர்கள். தங்களுடைய அலுவலகத்தில் இதை ஒருவருமே கவனிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

போர் காட்டின் ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி என்பதையும், 1863இல் திறந்த அந்தப் பாதையில் ரயில்கள் திசை மாற்றி ஏற ஒரு நிலையமே வைத்திருந்தார்கள் என்பதையும் தங்கள் கட்டுரையாளர் வியந்து எழுதுகிறார். வியக்க வேண்டியதுதான். எங்கள் மலையில் கல்லாறுக்கு மேலே ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி என்பது ஆசிரியர் அறியாததல்ல. 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர வேண்டும். இவ்வளவு செங்குத்தில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறாது, வழுக்கும். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரட்டைப் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சட்டத்தின் பள்ளம் வரும்படி அவற்றை அமைத்திருப்பதால், என்ஜினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவதொரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். இந்தியாவில் பற்சட்டத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

அந்த என்ஜினைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். எக்ஸ் வகுப்பு என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் 1914 முதல் செய்யப்பட்டு இங்கே வந்தவை. அவற்றுக்கு நான்கு உருளைகள், அதாவது நீராவி அழுத்தி வேலை வாங்கும் சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு உருளைகள் மட்டும் வேலை செய்து சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டத்தில் ஏறியதும், அந்த இரண்டிலும் வேலை செய்து முடித்த நீராவி வீணாக வெளியேறாமல் மற்ற இரண்டு உருளைகளுக்குள் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறில் பற்சட்டம் தொடங்கும் இடத்தில் டிரைவர் வண்டியை ஊர்ந்து போக விடுவார். பல்லோடு பல் சரியாகப் பொருந்தியதைக் காதாலேயே தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் நீராவியைத் திறப்பார். இந்த நிதானத்தைத்தான் தங்கள் கட்டுரை முதுமை என்கிறது.

முதுமை என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011க்கும் 2014க்கும் இடையே நான்கு புதிய நீராவி என்ஜின்கள், எண்ணெயில் எரிபவை, இந்தப் பாதைக்காகவே கட்டப்பட்டன. நம்முடைய தொழிலாளர்கள் நம்முடைய ஊரில் செய்தவை. அவையும் பற்சட்டத்தில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. புது என்ஜினுக்கும் பழைய என்ஜினுக்கும் ஒரே வேக வரம்பு இருக்கும்போது, தாமதத்துக்கு வயதைக் காரணம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மின்சாரம் வந்தால் புகை இருக்காது, ஏறும் வேகமும் ஓரளவு கூடலாம். அதை நான் மறுக்கவில்லை. மின்சாரம் இந்த மலைக்குப் புதியதுமல்ல. பைக்காராவில் 1932இலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ஏறுவதைவிட இறங்குவதே இந்தப் பாதையில் கடினமான வேலை என்பதைக் கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். இறங்கும்போது டிரைவர் என்ஜினின் உருளைகளுக்குள் காற்றை இழுத்து அழுத்தி, அந்த எதிர்ப்பிலேயே ரயிலைத் தாங்கிப் பிடிப்பார். அதற்கு மேல் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு, என்ஜின் ஊதும் விசிலுக்கு ஏற்பக் கையால் பிரேக்கை முறுக்குவார், தளர்த்துவார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், பற்சட்டத்துக்கு ஒரு பிரேக். பனிக்காலத்து விடியலில் அந்த இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் உள்ளங்கை மரத்துப் போகும். கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவும் என்பதால் நாங்கள் பலரும் வெறுங்கையாலேயே முறுக்குவோம்.

மேலே ஏறும்போது முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர்தான் டிரைவரின் கண். என்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு எதிரிலுள்ள பாதை தெரியாது. வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பிய ஒரு மழைக்காலக் காலையில், மூடுபனிக்கு நடுவே ஒரு வளைவைத் திரும்பியபோது பற்சட்டத்தின் மேல் தேங்காய் அளவுக் கல் ஒன்று கிடப்பதைப் பார்த்துச் சிவப்புக் கொடியை நீட்டினேன். கொடி பெட்டிக்குப் பெட்டி கைமாறி டிரைவருக்கு எட்ட, விசில் வந்தது, எல்லோரும் முறுக்கினோம், வண்டி நின்றது. கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, பற்களுக்கிடையில் சிக்கியிருந்த சரளையையும் குச்சியால் நெம்பி எடுத்த பிறகுதான் நகர்ந்தோம். அன்றைக்குக் குன்னூருக்குத் தாமதமாக வந்தோம். பயணிகள் சிலர் முணுமுணுத்தார்கள். தங்கள் கணக்குப்படி அந்தத் தாமதமும் என்ஜினின் முதுமையில்தான் சேரும்.

ஒரு வாக்கியத்துக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று தாங்கள் நினைக்கலாம். இந்த மனத்தாங்கல் இன்று வந்ததல்ல. 2005இல் யுனெஸ்கோ எங்கள் மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தங்கள் இதழ் பக்கம் பக்கமாகப் படங்கள் வெளியிட்டது. பாலங்கள், குகைகள், சினிமாப் படப்பிடிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. என்ஜின் நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன், பிரேக்ஸ்மேன் ஒருவருடைய முகமாவது இருக்குமா என்று தேடினேன், இல்லை. 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து ரயில் நின்றபோதும், சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம் என்றுதான் தங்கள் செய்தி தொடங்கியது. இடுப்பளவு சேற்றில் நின்று பாதையை மீட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. பதிலும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் இதழில் இந்த ரயிலைப் பற்றி எது வந்தாலும் அது சமவெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவர்களின் பார்வையிலேயே வருகிறது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்களும், கேத்தியிலும் வெலிங்டனிலும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும், காய்கறிக் கூடையோடு ஏறிய பெண்களும் இதே ரயிலில்தான் போய் வந்தார்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் ரயில் வந்ததால் இந்த மலைக்காரர்களின் வாழ்க்கையே மாறியது. அவர்களில் எவரும் ஐந்து மணி நேரம் ஆகிறதே என்று சலித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. சீசனில் உள்ளூர்க்காரனுக்கு இடம் கிடைப்பதில்லை என்றுதான் குறைபட்டிருக்கிறார்கள். அந்தக் குறையைத் தங்கள் இதழ் ஒரு முறையாவது எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

பல காலமாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவன் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு சிறிய திருத்தம் வெளியிடுங்கள்: கல்லாறு – குன்னூர் பாதையில் என்ஜின் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதன் வேகம் சரிவையும் பாதுகாப்பையும் கருதி வரையறுக்கப்பட்டது, படத்தில் இருப்பது டீசல் என்ஜின். இந்த மூன்றும் போதும். இந்த முறையாவது என் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மலை ரயில் பிரேக்ஸ்மேன்,
குன்னூர்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)